சதுர அடைப்புக்குள் ஓர் எண்

அந்த ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் புண்ணியமாகப் போகும். ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்தான், ஆனாலும் இத்தனை வருஷம் சர்வர் அறைக் குளிரிலேயே உட்கார்ந்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. நீங்கள் ஸ்வெட்டரைப் பார்ப்பதைக் கவனித்தேன். ஆமாம், நடுப் பொத்தான் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் பழுப்பு. அதைத் தைத்துக் கொடுத்தவளைப் பற்றி எப்படியும் கேட்கப் போகிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும். நடுவில் பிடித்து இழுத்தால் எல்லாம் சிக்கலாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் என்னை எல்லோரும் தபால் அக்கா என்பார்கள். மெயில் சர்வர் என் பொறுப்பு. அதோடு, புதிதாக வருகிற மெஷின்களுக்குப் பெயர் வைக்கிற வேலையும் என்னுடையது. பறவைப் பெயராக வைத்துக்கொண்டு வந்தேன். மருந்துக் கிடங்கு மெஷின் மைனா. எக்ஸ்ரே மெஷின் கொக்கு. கணக்குப் பிரிவுக்கு ஆந்தை என்று வைத்ததில் தலைமைக் கணக்கர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பெயர் இருந்தால்தான் ஒரு மெஷின் அனுப்பும் மெயிலை சர்வர் உள்ளே விடும். வாசல் காவலாளி மாதிரிதான் அதுவும். யார் என்று கேட்கும். பெயர் சொல்லாமல் வெறும் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தால், போ என்று திருப்பி அனுப்பிவிடும். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரர்கள். அதனால் அதை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனை மெஷின் வந்தபோதுதான் தகராறு ஆரம்பித்தது. பீரோ அளவு இருக்கும். செய்து அனுப்பியவர்கள் அதற்குப் பெயர் வைக்க இடமே விடவில்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் நான்கு எண்களைப் புள்ளி வைத்துப் பிரித்து, சதுர அடைப்புக்குள் போட்டு அனுப்பும். என் சர்வர் அதைச் சீண்டவே இல்லை. லேப் பொறுப்பாளர் எனக்கு இருபது வயதிலிருந்து சிநேகிதி. மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டாள்.

"என்னடி, உன் வாட்ச்மேன் என் மெஷினை உள்ள விட மாட்டேங்கறான்?"

"பேரில்லாத பிள்ளைய அனுப்பினா எப்படிடி விடுவான்?"

"அதுக்குப் பேர் கிடையாது. நம்பர்தான். நம்பரே பேருன்னு சொல்லிக் குடேன். உனக்கு எவ்வளவு நேரமாகப் போகுது?"

நேரம் ஒன்றும் ஆகவில்லை. சர்வருக்கான கட்டளைகள் இருக்கிற அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினேன். எண்ணை முகவரியாக ஏற்றுக்கொள், ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும். அவ்வளவுதான். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வரியை எழுதினாலும் அது எதற்கு என்று மேலே சின்னதாக ஒரு குறிப்புப் போடுவேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் திண்டாடக் கூடாது. அன்று போட்ட குறிப்பு: 'லேப் மெஷினுக்குப் பெயர் இல்லை. எண்ணை வைத்து அடையாளம் காணவும்.'

அதன் பிறகு அந்த மெஷின் வெகு சமர்த்தாக வேலை செய்தது. ஒரு நோயாளியின் ரத்தத்தில் உயிருக்கு ஆபத்தான அளவு ஏதாவது தெரிந்தால், அந்த வார்டு டாக்டருக்குத் தானே மெயில் அனுப்பும். என் சர்வர் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில் சொன்னதும் மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்துவிட்டால் லேப்காரர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் வார்டுக்குப் போன் செய்து சொல்வார்கள். நிர்வாகம் அதை நிறுத்திவிட்டது. யாரும் போனை எடுப்பதில்லை என்று காரணம் சொன்னார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என் வீட்டுக்காரர் நீச்சல் மாஸ்டர். குளத்தங்கரையில் நின்று கத்திக் கத்தி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். உப்பு வேண்டும் என்று கேட்டால்கூட அடுத்த வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். காலில் ஒரு புண், ஆறவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். என் அறைக்கு இரண்டு மாடி மேலே வார்டு. மத்தியானம் போய்ப் பார்த்தபோது, "சாயங்காலம் வரும்போது என் இன்னொரு கண்ணாடியக் கொண்டு வா. இதப் போட்டா நர்ஸம்மா எல்லாரும் உன்ன மாதிரியே தெரியறாங்க, பயமா இருக்கு" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். இவரும் சிரித்தார். கை மட்டும் கொஞ்சம் மரத்துப்போகிறது என்றார். டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்லியாகிவிட்டது, ரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்றார்.

மறுநாள் காலையில் இதயம் நின்றுவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. சரியான நேரத்தில் ஓர் ஊசி போட்டிருந்தால் இறங்கியிருக்கும்.

லேப் மெஷின் முதல் நாள் மத்தியானமே மெயில் அனுப்பியிருந்தது. என் சர்வர் வாங்கிக்கொண்டு போய் வார்டு டாக்டரின் பெட்டியில் சேர்த்திருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. தடித்த எழுத்தில் அப்படியே கிடந்தது. நானும் அன்று என் அறையில்தான் இருந்தேன். ஆனால் அடுத்தவர் மெயிலைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

விசாரணையில் டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மெயில் வரல சார்."

நிர்வாகி தலையாட்டினார். "சிஸ்டம் கொஞ்ச நாளாவே தகராறு பண்ணுதுன்னு கேள்விப்பட்டேன்."

நான் சர்வர் பதிவை எடுத்து நீட்டினேன். வந்திருக்கிறது, சேர்ந்திருக்கிறது, திறக்கவில்லை, பாருங்கள் என்றேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "அம்மா, நீங்க துக்கத்துல இருக்கீங்க. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். அறிக்கையில் மரணத்துக்குக் காரணம் மின்னஞ்சல் கோளாறு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். மின்னஞ்சல் என்றால் நான்தானே. என் வீட்டுக்காரரைக் கொன்றது நான் என்று அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள்.

துக்கத்துக்கு வந்த நாத்தனார் கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது கேட்டாள்: "ஏன் அண்ணி, ஊருக்கெல்லாம் தபால் சேர்க்கற உங்க மெஷின், எங்க அண்ணன் தபால மட்டுமா முழுங்கணும்?"

அவள் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். அந்த டாக்டர் தன் வாயால், மெயில் வந்தது, நான்தான் திறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். ஒரு விதவை கேட்பதற்கு அது அதிகமா, நீங்களே சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்பியதும் அமைப்புக் கோப்பில் இரண்டாவது வரியை எழுதினேன். அந்த எண்ணிலிருந்து அந்த டாக்டருக்கு எது வந்தாலும் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில் சொல், ஆனால் அவரிடம் சேர்க்காதே, என் பெட்டியில் போடு. கோபத்தில் செய்தேனா என்று சற்று முன் கேட்டீர்கள். கோபம் இருந்தால் கை நடுங்கும், தட்டச்சில் பிழை வரும். அந்த வரியில் ஒரு பிழைகூடக் கிடையாது. வழக்கம் போல மேலே குறிப்பும் போட்டேன்: 'டாக்டர் விசாரணையில் சொன்னபடி. அவருக்கு மெயில் வருவதில்லை.'

நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் சொன்ன பொய்யைத்தான் நிஜமாக்கிக் கொடுத்தேன்.

முதலில் வந்தது யாரோ ஒரு கிழவருடையது. மெயிலில் நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். படித்தேன். இப்போதெல்லாம் படிக்க வேண்டியிருந்தது, என் பெட்டிக்கல்லவா வருகிறது. வார்டில் ஒரு நர்ஸுக்குச் சந்தேகம் தட்டி, மறுபடி ரத்தம் எடுத்து, ஆளைப் பிழைக்க வைத்துவிட்டாள். நல்ல பெண். நான் ஏமாற்றம் அடைந்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

அடுத்தது ஒரு பஸ் டிரைவர். அந்த நர்ஸுக்கு அன்று விடுப்பு.

மறுபடி விசாரணை. அதே மேஜை. இந்த முறை டாக்டர் நேராக நிமிர்ந்து பார்த்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "சத்தியமா எனக்கு மெயில் வரல சார்."

என்னைக் கூப்பிட்டார்கள். நான் பதிவை நீட்டினேன். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது.' என் லேப் சிநேகிதியும் வந்து பச்சை விளக்கு எரிந்தது என்று சொன்னாள். நிர்வாகி கண்ணாடியைக் கழற்றினார்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க டாக்டர்."

"சார், போன தடவை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் அந்த ஒரு வாக்கியம் அவர் தொண்டை வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளினால் வெளியே விழுந்திருக்கும். விழவில்லை. முழுங்கிவிட்டார்.

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி அவருடைய செருப்பை ஒரு பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்று மத்தியானம் வெகு நாளைக்கப்புறம் நன்றாகப் பசித்தது.

அப்போதே அந்த வரியை எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் டாக்டருக்குக் கிடைத்தது வெறும் எச்சரிக்கை. என் வீட்டுக்காரரின் அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாதியில் விட்டால் அந்த டிரைவர் செத்ததற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். நடுவில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பிழைத்தார். ஒருவர் பிழைக்கவில்லை. உங்கள் கோப்பில் இருக்கும்.

டாக்டர் இளைத்துப்போனார். வார்டில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். "மெயில் வரல டாக்டர்" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். காப்பி மெஷினில் காசு போட்டுக் காப்பி வராவிட்டால்கூட, "என்னய்யா, உனக்கும் வரலையா?" என்று சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்தவர் கஷ்டத்தில் சிரிக்கிறவள் இல்லை நான்.

இனித் தையல்காரி.

ஆஸ்பத்திரி கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. வார்டு உடுப்பு, மேலே வீட்டுச் சால்வை. உட்கார்ந்ததும் என் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, நடு பட்டன காணோம்? மேலயும் கீழயும் பூட்டி நடுவுல ஜன்னலத் தெறந்து வெச்சிருக்கீங்க?"

"விழுந்து ரெண்டு மாசமாச்சும்மா. தைக்க ஆளில்ல."

"நான் எதுக்கு இருக்கேன்? ஊசி நூல் இல்லாம பொறந்த வீட்டுக்குக்கூடப் போக மாட்டேன். கழட்டாதீங்க, அப்படியே இருங்க. இந்த நிறத்துல எங்கிட்ட இல்ல, பச்சைதான் இருக்கு. பரவால்லையா?"

"என் வயசுக்கு யாரு பாக்கப் போறாங்க?"

"அப்படிச் சொல்லாதீங்க. பச்சையாப் போட்டா பாப்பாங்க."

என் நெஞ்சுக்கு நேராகக் குனிந்து தைத்தாள். தைத்துக்கொண்டே பேசினாள். சிறுநீரகக் கோளாறாம், மருந்தில் குணமாகி வருகிறதாம். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பெண்ணுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா, உடுப்பு பாதியில் வெட்டிப் போட்டபடி மெஷின் மேல் கிடக்கிறதாம். "நல்ல டாக்டரு அக்கா. ரெண்டு தடவ வந்து பாக்கறாரு. யாரோ அவரப் பத்தி ஏதோ சொல்றாங்க, நான் நம்பல" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்போது அவள் கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை, அதில் அவள் எண். நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. ஆனால் ஒருமுறை பார்த்த எண்ணை நான் மறப்பதில்லை. அது என் தொழில்.

மறுநாள் சாயங்காலம் அந்த எண் என் பெட்டிக்கு வந்தது. பொட்டாசியம். என் வீட்டுக்காரருக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

திரையில் அதைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. டாக்டர். வீட்டுக்குக் கிளம்பும் பையோடு வந்திருந்தார். எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். திரை என் பக்கம் பார்த்திருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்."

"சொல்லுங்க டாக்டர்."

"மாஸ்டர் விஷயத்துல... அன்னிக்கு மெயில் வந்துது. நான் திறக்கல. மேல நிறைய வந்து குவிஞ்சு கிடந்துது, அப்பறமா பாக்கலாம்னு விட்டுட்டேன். மறுநாள் பயந்துட்டேன். வரலன்னு சொல்லிட்டேன். உங்க மேல பழி விழும்னு தெரிஞ்சும் சொன்னேன். நாளைக்கு நிர்வாகிகிட்ட எழுதிக் குடுத்துடறேன். அறிக்கைய மாத்தச் சொல்றேன்."

அழுதார். பெரிய ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. மேஜையிலிருந்த காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தேன்.

"இப்ப எனக்கு நிஜமாவே மெயில் வரமாட்டேங்குதுக்கா. யாரும் நம்ப மாட்டாங்க, நம்பணும்னு நான் கேக்கவும் முடியாது. எனக்கு இது வேணும். ஆனா நோயாளிங்க என்ன பாவம் பண்ணினாங்க? இப்பல்லாம் தினமும் சாயங்காலம் லேபுக்கே இறங்கிப் போய்க் கேட்டுட்டுதான் வீட்டுக்குப் போறேன். லேபுல அந்த அக்கா இன்னிக்கு சீக்கிரம் போயிட்டாங்க, அறை பூட்டியிருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க. என் வார்டுக்கு ஏதாவது வந்திருக்கா?"

கேட்டுக்கொண்டீர்களா? நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லிவிட்டார். எழுதியும் தருகிறேன் என்றார். அந்த நிமிஷத்தோடு என் கணக்கு தீர்ந்துவிட்டது. திரையில் தையல்காரியின் எண் இருந்தது. வார்டு இரண்டு மாடி மேலே. லிஃப்ட் வேலை செய்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் வரல டாக்டர்" என்றேன். "நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"பாத்துட்டுதானே சொல்றேன்."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். குளிராக இருந்ததால் ஸ்வெட்டரின் பொத்தான்களை எல்லாம் பூட்டிக்கொண்டேன்.

காலையில் தையல்காரி எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வார்டிலிருந்து நேரே லேபுக்கு ஓடியிருக்கிறார். "நேத்தே அனுப்பிட்டேனே, பச்சை எரிஞ்சுதே" என்று லேப்காரி சொல்லியிருக்கிறாள். இருவரும் வெளியிலிருந்து ஒரு மெயில் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள். கடவுச்சொல் கேட்டார், கொடுத்தேன். எதையும் நான் ஒளித்து வைக்கவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவர், ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் மேடம் என்று பாராட்டினார். அப்புறம் சதுர அடைப்புக்குள் இருந்த எண்ணிடம் வந்தார். முதல் தடவை வந்தபோது தாண்டிப் போனார். இரண்டாம் தடவை அதே எண்ணைப் பார்த்ததும் நின்றார். மேலே இருந்த குறிப்பை வாய்விட்டுப் படித்தார்.

லேப்காரி என்னைப் பார்த்தாள். "என்னடி இது?"

"எழுதியிருக்கேனே. படிச்சாரே."

டாக்டர் நேற்று என் கையைப் பிடித்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வரியை எழுதியது நான். மெயில்களைத் திருப்பியது நான். ஒன்றும் வரவில்லை என்று சொன்னதும் நான்தான். அந்தக் கடைசி ஒன்றை மெஷின் சொல்லவில்லையே என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கத் தேவையில்லை. எனக்கே தெரியும். ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சற்று முன் நீங்கள் என்னையும் அந்த டாக்டரையும் ஒரே தராசில் வைத்துப் பேசினீர்கள். அது நியாயமில்லை. நோயாளி அவருக்கு வெறும் எண். திறந்துகூடப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார். நான் அப்படி அலட்சியமாக இருந்ததே கிடையாது. வந்த மெயில் ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே திறந்து, கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன்.